நரிக் கடவுள் லண்டனுக்குப் போன கதை

ஜப்பானிய மொழி வகுப்பில் முதல் நாளே சொல்லித் தருவது ‘தெஸ்’. எழுதும்போது ‘தெசு’, சொல்லும்போது கடைசி உகரத்தை விழுங்கிவிடுவார்கள். நான் மாணவி, இது பேனா, அது ஸ்டேஷன் என்று எதைச் சொன்னாலும் வாக்கியத்தின் வாலில் இது வந்து ஒட்டிக்கொள்ளும். அலுவலகத்தில் அனுப்பினார்கள் என்று ஆறு மாதம் அந்த வகுப்புக்குப் போனேன். மொழி வரவில்லை. ‘தெஸ்’ மட்டும் நாக்கில் தங்கிவிட்டது.

பல வருடம் கழித்து அந்த ஒற்றைச் சொல் எனக்குப் பயன்பட்ட இடம், லண்டனில் நடந்த ஒரு மெட்டல் கச்சேரியின் படம். மெட்டல் என்பது காது கிழிய வாசிக்கும் ராக் இசை.

டிரம்ஸ் இடிக்கிறது, கிட்டார்கள் உறுமுகின்றன. அதற்கு நடுவே மூன்று பெண் பிள்ளைகள். சிவப்பும் கறுப்புமாகக் குட்டைப் பாவாடை, மேலே போர்க்கவசம் மாதிரி ஒரு சட்டை, இருவர் தலையில் இரட்டைக் குடுமி. குழுவின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகக் கத்துகிறார்கள். அப்புறம் தங்கள் பெயர்களைச் சொல்கிறார்கள். ‘சூ-மெட்டல் தெஸ்!’ ‘மோவா-மெட்டல் தெஸ்!’ ‘யூயி-மெட்டல் தெஸ்!’ நான்தான் சூ-மெட்டல் என்று அடக்கமாக அறிமுகம் செய்துகொள்கிறாள் என்றும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ‘டெத்’ என்ற ஆங்கிலச் சொல்லையும் ஜப்பானிய எழுத்தில் எழுதினால் ‘தெசு’தான். ஆக, மரணம் என்று கூவுவதும் வணக்கம் சொல்வதும் ஒரே சத்தம். மொத்தப் பாட்டே இவ்வளவுதான். பாட்டின் பெயர் ‘பேபிமெட்டல் டெத்’.

நான் சிரித்தேன். திரையில் இருந்த லண்டன்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. அந்த ‘தெசு’வை ‘டெத்’ என்றே எடுத்துக்கொண்டு கூடக் கத்திக்கொண்டிருந்தார்கள். இந்தப் படத்தைப் பற்றி எனக்குச் சொல்லவிருப்பது எல்லாமே அந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

படத்தின் பெயர் ‘லைவ் இன் லண்டன்’. 2014-ல் இந்த ஜப்பானியக் குழுவான பேபிமெட்டல் போன உலகச் சுற்றுப்பயணத்தில் லண்டனில் நடந்த இரண்டு கச்சேரிகள்: ஜூலை 7 அன்று கென்டிஷ் டவுன் ஃபோரம், நவம்பர் 8 அன்று பிரிக்ஸ்டன் அகாடமி. 2015 மே மாதம் ஜப்பானில் டிஸ்க்காக வந்தது. டோக்கியோவில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு, ‘உன் வீட்டில் டிஸ்க் போட ஏதாவது இருக்கிறதா?’ என்று கேட்டாள். இல்லை. லேப்டாப்பில் அந்தத் துளையே கிடையாது. பக்கத்துத் தெரு கம்ப்யூட்டர் கடையில் தூசி படிந்த டிரைவ் ஒன்றை வாங்கி, அது வேலை செய்யாமல் மறுபடி போய் மாற்றி, இரண்டாவது வாரம்தான் பார்க்க முடிந்தது. இருக்கட்டும்.

இந்தக் குழு எப்படி உருவானது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அது ஓர் அலுவலக அறையில் பிறந்த யோசனை. ஜப்பானில் ‘ஐடல்’ என்றொரு தொழில் உண்டு. சிறுமிகளைத் தேர்ந்தெடுத்து, பாட்டும் நடனமும் பழக்கி, ரசிகர்கள் கண்முன்னே வளர விடுகிற தொழில். அப்படிப்பட்ட ‘சகுரா காக்குயின்’ என்ற குழுவுக்குள், பள்ளிக்கூடத்தில் சங்கீத மன்றம், தோட்டக்கலை மன்றம் இருப்பதுபோல, 2010-ல் ‘கன இசை மன்றம்’ ஒன்றைத் தொடங்கினார்கள். யோசனை கோபா-மெட்டல் என்ற பெயரில் இயங்கும் தயாரிப்பாளருடையது. ஆள் மெட்டல் பைத்தியம். ‘ஹெவி மெட்டல்’ என்பதை ஜப்பானியர்கள் ‘ஹெபி மெடாரு’ என்பார்கள். ‘பேபி’ அவர்கள் வாயில் ‘பெபி’. ஓர் எழுத்தை மாற்றினால் குழுவின் பெயர் தயார்.

அந்த மூன்று பிள்ளைகளுக்கும் அதுவரை மெட்டல் என்றால் என்னவென்றே தெரியாது. இதை அவர்களே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். கொம்பு மாதிரி இரண்டு விரலை நீட்டுவார்களே மெட்டல் ரசிகர்கள், அதைப் படத்தில் பார்த்துவிட்டு நிழல் விளையாட்டில் செய்யும் நரி என்று நினைத்து, நடுவிரலையும் மோதிர விரலையும் கட்டைவிரலோடு சேர்த்துக் காட்டினார்களாம். அதுவே குழுவின் சின்னமாகிவிட்டது. அதற்கு ஏற்ப ஒரு புராணமும் கட்டினார்கள்: ‘கிட்சுனே’ என்கிற நரிக் கடவுள் இந்த மூவரையும் தேர்ந்தெடுத்து மெட்டலைக் காப்பாற்ற அனுப்பியிருக்கிறது.

ஆரம்பத்தில் இவர்களுக்குப் பின்னால் நின்றவர்கள் எலும்புக்கூடு உடையில் வாசிப்பதுபோல நடித்தவர்கள்தான். இசை டேப்பிலிருந்து வந்தது. நிஜமாக வாசிக்கும் ‘காமி பேண்ட்’ பின்னால்தான் வந்து சேர்ந்தது. ‘காமி’ என்றால் கடவுள். கடவுள்களுக்கு வெள்ளை அங்கி, வெள்ளை பூசிய முகம், பிணத்துக்கு உடுத்துவதுபோல. அவர்களில் டிரம்ஸ் வாசிக்கும் ஹிதெகி அவோயாமா, ஜப்பானின் பெரிய டிரம்ஸ் கலைஞர் ஜுன் அவோயாமாவின் மகன். அப்பா 2013 டிசம்பரில் காலமானார். அடுத்த ஜூலையில் மகன் லண்டனில், முகம் முழுக்க வெள்ளை பூசிக்கொண்டு, யாரென்றே தெரியாமல் உட்கார்ந்து வாசிக்கிறார்.

இனி படம்.

முதல் பாதி ஃபோரம். 1934-ல் சினிமா கொட்டகையாகக் கட்டப்பட்ட இடம். இன்று சுமார் 2,300 பேர் நிற்கலாம். கச்சேரி முதலில் கேம்டனில் இதைவிடச் சின்ன அரங்கில்தான் ஏற்பாடாகியிருந்தது. டிக்கெட் கேட்டு வந்த கூட்டத்தைப் பார்த்து இங்கே மாற்றினார்கள். அதற்கு இரண்டு நாள் முன்புதான் நெப்வொர்த்தில் சோனிஸ்ஃபியர் விழாவின் பெரிய மேடையில், பகல் வெளிச்சத்தில், மெட்டலைத் தவிர வேறெதையும் காதில் வாங்காத கூட்டத்துக்கு முன் பாடிவிட்டு வந்திருந்தார்கள். சூவுக்கு வயது 16. யூயிக்கு 15 ஆகி மூன்று வாரம்கூட ஆகவில்லை. மோவாவுக்கு 15 ஆகி மூன்றே நாள்.

அந்த மூன்று நாளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கடைசிப் பகுதியில் வரும் ‘ஹெட்பேங்யா’ என்ற பாட்டு, பதினைந்து வயதாகும் இரவைப் பற்றியது. பிள்ளைகள் பன்னிரண்டு, பதினான்கு வயதில் இருக்கும்போது பதிவு செய்தது. அப்போது அது அவர்களுக்கு இன்னும் வராத இரவு. லண்டனில் மோவாவுக்கு அது போன வெள்ளிக்கிழமை. பாட்டின் நடுவே தரையில் மண்டியிட்டுத் தலையைக் கீழே முட்டுவதுபோல ஆட்டும் ஒரு கட்டம் வரும். ஜப்பானில் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பதற்கு ‘தொகெசா’ என்று பெயர்; அந்த வடிவத்தை எடுத்து மெட்டல் தலையாட்டலில் கலந்திருக்கிறார்கள். ஜப்பானில் இதைப் பார்ப்பவருக்கு அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல் தெரியும். லண்டனில் தெரிந்திருக்க வழியில்லை. அவர்களுக்கு அது வெறும் வேகம், கழுத்து வலி.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. இந்தக் குழுவே ஒரு ஜோக்தான். ஐடலும் மெட்டலும் சேரவே சேராது என்பதுதான் அந்த ஜோக். ஆனால் அதைப் புரிந்துகொள்ள ஐடல் என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். லண்டனுக்கு அது தெரியாது. சாம்பாரில் சர்க்கரை போட்டால் நமக்குத்தான் திக்கென்று இருக்கும். சாம்பாரே சாப்பிட்டிராதவருக்கு அது இன்னொரு குழம்பு. ஜோக்கின் பாதி விமான நிலையத்திலேயே தங்கிவிட்டது. மிச்சம் கடல் தாண்டிப் போனது என்ன? பாட்டும் ஆட்டமும் வாசிப்பும்தான். அது மட்டுமே அங்கே நிற்குமா என்பதுதான் அந்த இரவின் பரீட்சை.

நின்றது. எப்படி நின்றது என்பதற்கு ‘அகட்சுகி’ என்ற ஒரு பாட்டு போதும்.

அதில் சூ மட்டும்தான். கூட ஆடும் இருவரும் இல்லை; முதுகில் ஒரு போர்வையோடு தனியாக வருகிறாள். மெதுவான தொடக்கம், அப்புறம் இரண்டு காலாலும் மிதிக்கும் டபுள் பேஸ் டிரம்ஸ் சீறிக்கொண்டு கிளம்புகிறது. ஜப்பானிய மெட்டலின் தாத்தாக்களான எக்ஸ் ஜப்பான் குழுவுக்குச் செய்த மரியாதை என்று கேட்டவுடன் தெரியும். சூவின் குரலில் நெளிவு கிடையாது. கமகமும் இல்லை, மெட்டலில் எதிர்பார்க்கும் உறுமலும் இல்லை. நேராக, கம்பி இழுத்ததுபோல ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்துகிறாள். பின்னால் நடக்கும் அத்தனை இடிக்கும் அவள் குரல் அசைந்து கொடுக்கவில்லை. ஜோக் என்று யார் தொடங்கியிருந்தாலும் அந்த ஐந்து நிமிடத்தில் ஜோக் எதுவும் இல்லை.

‘கேட்ச் மீ இஃப் யூ கேன்’ வேறு ரகம். முதலில் காமி பேண்ட் ஆட்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து தனி ஆவர்த்தனம் மாதிரி வாசிக்கிறார்கள். ஆறு தந்தி பேஸ் கிட்டாரை வைத்துக்கொண்டு ‘போ’ என்ற மொட்டைத் தலைக்காரர் செய்யும் வேலை கண்ணில் நிற்கிறது. அப்புறம் பாட்டு, கண்ணாமூச்சி விளையாட்டைப் பற்றியது! பிள்ளைகள் மேடையில் ஒளிந்து பிடிக்கிறார்கள். கீழே வளர்ந்த ஆண்கள் வட்டமடித்து ஓடுகிறார்கள். இரண்டுக்கும் அதிக வித்தியாசம் தெரியவில்லை எனக்கு.

முடிவில் வரும் ‘இஜிமே, தமே, ஜெத்தாய்’ பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். பிறரைச் சீண்டாதே, கூடவே கூடாது என்று பொருள். பள்ளிக்கூடக் கொடுமைக்கு எதிரான பாட்டு. அதற்குக் கூட்டம் என்ன செய்கிறது? நடுவில் பிளந்து இரண்டு சுவராக நின்று, பாட்டு வெடித்ததும் ஒருவர் மேல் ஒருவர் மோதுகிறார்கள். மெட்டல் கச்சேரிகளில் இதற்கு ‘வால் ஆஃப் டெத்’ என்று பெயர். அதே நொடியில் மேடையில் யூயியும் மோவாவும் இரண்டு ஓரத்திலிருந்தும் எதிரெதிராக ஓடிக் குறுக்கே கடக்கிறார்கள். கீழே நடப்பதை மேலே இரண்டு சின்ன உருவங்கள் மோதாமலேயே செய்து காட்டுகின்றன. நான் இந்த இடத்தை மட்டும் ஐந்தாறு முறை பின்னால் தள்ளிப் பார்த்தேன்.

பிரிக்ஸ்டன் அகாடமியும் பழைய சினிமா கொட்டகைதான். 1929-ல் ‘அஸ்டோரியா’ என்ற பெயரில் திறந்தது. ஏறத்தாழ 4,900 பேர் கொள்ளும். தரை மேடையை நோக்கிச் சரிந்து போகிறது, அதனால் பின்னாலிருக்கும் கேமராவுக்கு மொத்தக் கூட்டமும் தட்டில் பரப்பிவைத்ததுபோல் தெரிகிறது. நான்கு மாதத்தில் கூட்டம் இரட்டிப்பு. இத்தனைக்கும் அவர்களுடைய முதல் ஆல்பம் பிரிட்டன் கடைகளில் டிஸ்க்காக வந்ததே 2015-ல்தான். வந்தவர்கள் யூடியூபிலும் இணையத்திலும் கேட்டு மனப்பாடம் செய்தவர்கள். ‘கிம்மி சாக்லேட்’ பாட்டில் வரும் அர்த்தமே இல்லாத ஒலிக்குறிப்புகளை அவர்கள் ஒரு சொல் பிசகாமல் கூடப் பாடுகிறார்கள். சாக்லேட் வேண்டும், ஆனால் எடை போட்டுவிடுமே என்று ஒரு பெண் பிள்ளை புலம்பும் பாட்டு அது. தாடி வைத்த ஆட்கள் உயிரைக் கொடுத்துப் பாடுவதைப் பார்க்க வேண்டும்.

பிரிக்ஸ்டனில் முத்தாய்ப்பாக ஒரு புதுப் பாட்டு. கொடி ஏந்தி வருகிறார்கள். பின்னால் அதற்கு ‘ரோடு ஆஃப் ரெசிஸ்டன்ஸ்’ என்று பெயர் வந்தது. லண்டன் குழுவான டிராகன்ஃபோர்ஸின் கிட்டார்காரர்கள் இருவர் பதிவில் வாசித்திருக்கிறார்கள். முதல்முறை கேட்கும் பாட்டுக்கே கூட்டம் ராகம் பிடித்துக்கொள்கிறது. கச்சேரியாகப் பார்த்தால் பிரிக்ஸ்டன்தான் பெரியது. எனக்கென்னவோ ஃபோரம்தான் பிடித்திருக்கிறது. பிரிக்ஸ்டனில் ஜெயித்துவிட்டோம் என்று எல்லோருக்கும் தெரியும். ஃபோரமில் இன்னும் தெரியாது.

சரி, புகார்களையும் சொல்லிவிடுகிறேன். படம் இந்த மூவரையும் பேச விடுவதே இல்லை. பாட்டுகளுக்கு நடுவே திரையில் நரிக் கடவுள் கதை ஓடும், கனமான குரலில் ஆங்கிலத்தில் யாரோ விளக்குவார்கள். பிள்ளைகள் சொல்வதெல்லாம் கூட்டத்தைக் கிளப்பிவிடும் சில ஆங்கில வரிகள், கடைசியில் ‘சீ யூ’. மேடைக்குப் பின்னால் என்ன நடந்தது, பயந்தார்களா, என்ன சாப்பிட்டார்கள், பள்ளிக்கூடப் பாடத்தை எங்கே படித்தார்கள், ஒன்றும் கிடையாது. புராணத்தைக் காப்பாற்ற வேண்டுமே. பெரியவர்கள் எழுதிக் கொடுத்த கதைக்குள் பிள்ளைகள் பூட்டப்பட்டிருக்கிறார்கள் என்ற நெருடல் எனக்குப் போகவில்லை. இப்போதும் இருக்கிறது.

இதே ஃபோரம் மேடையில் 2006-ல் ஃபான்டமாஸ், மெல்வின்ஸ் என்ற இரண்டு கிறுக்கு அமெரிக்கக் குழுக்கள் ஒன்றாக வாசித்ததும் படமாக வந்திருக்கிறது. அதில் ஃபான்டமாஸின் பாடகர் மைக் பேட்டன் குரைப்பதையும் கிறீச்சிடுவதையும் பார்க்கும்போது இந்த நெருடல் வராது. அது நாற்பதை நெருங்கும் ஓர் ஆண் தானே தேர்ந்தெடுத்துக்கொண்ட கிறுக்கு. பதினைந்து வயதுக்காரி மேல் போர்த்திய கிறுக்கு வேறு.

ஆனால் போர்த்தியதைத் தனதாக்கிக்கொள்ளும் வேலையும் இந்தப் படத்தில் நடக்கிறது, பேச்சில் இல்லை, உடம்பில். நடனம் அமைத்தவர் மிகிகோ. பெர்ஃப்யூம் என்ற ஜப்பானியப் பெண்கள் குழுவுக்கு நடனம் அமைத்தவரும் அவரே. யூயியும் மோவாவும் அவர் கொடுத்ததை அச்சுப் பிசகாமல் ஆடுகிறார்கள். கூர்ந்து பார்த்தால் இருவரும் ஒன்றில்லை. யூயி அளந்து வைக்கிறாள், மோவா சிரித்துக்கொண்டே கூட்டத்தில் யாரையோ தேடுகிறாள். இருவரும் பாடும் ‘நான்கின் பாட்டு’ அவர்களே கட்டியது. ஜப்பானிய மொழியில் ‘ஷி’ என்றால் நான்கு, ‘ஷி’ என்றால் மரணமும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே போய் நடுவில் திடீரென்று ஜமைக்காவின் ரெகே இசைக்குத் தாவும் சுத்தமான விளையாட்டுத்தனம். எந்த அலுவலக அறையிலும் இதை எழுதியிருக்க மாட்டார்கள்.

யூயி 2018-ல் குழுவிலிருந்து விலகிவிட்டாள். அதற்கு முன் 2016 ஏப்ரலில் வெம்ப்ளி அரங்கில் மூவரும் சேர்ந்து பாடியதும் படமாக வந்தது. இன்னும் பெரிய அரங்கு, இன்னும் பெரிய வெற்றி. ஒருமுறை பார்த்தேன். டிரைவில் மறுபடி மறுபடி போட்டது ஃபோரம் டிஸ்க்தான்.

போன கோடை விடுமுறைக்கு அண்ணன் மகள் வந்திருந்தாள். பத்து வயது, மூன்று வருடமாகப் பரதம் கற்கிறாள். நான் பார்த்துக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்தவள் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாயிரம் கை நரி காட்டுவதைப் பார்த்துவிட்டுத் தன் விரல்களை மடக்கிப் பார்த்தாள்.

“அத்தை, இது சிம்மமுகம். நரி இல்ல, சிங்கம்.”

உண்மைதான். நடுவிரலும் மோதிர விரலும் கட்டைவிரலைத் தொட, ஆள்காட்டி விரலும் சுண்டு விரலும் நிமிர்ந்து நிற்பது நம் ஊரில் சிம்மமுக முத்திரை. நரியென்று நினைத்துச் செய்த கொம்பு, இங்கே வந்ததும் சிங்கமாகிவிட்டது. அதை அவளுக்கு விளக்கப் போனேன். அவள் கேட்கவில்லை. யார் கால் சரியாக விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். “அந்த ரெட்டைக் குடுமி அக்கா அரைமண்டி நல்லா உட்காருறாங்க” என்றாள். எந்த ரெட்டைக் குடுமி என்று நான் கேட்கவில்லை.

‘டோக்கி டோக்கி மார்னிங்’ வந்தது. காலையில் எழுந்து கண்ணாடி முன்னால் நின்று முடி சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் பாட்டு. இவர்கள் முதன்முதலில் பாடியது. நடுவில் ஒரு கட்டத்தில் மூவரும் பொத்தென்று தரையில் விழுந்துவிடுகிறார்கள். லண்டன் மேடையில், அத்தனை பேர் கத்திக்கொண்டிருக்க, மூன்று பிள்ளைகள் அசையாமல் படுத்துக் கிடக்கிறார்கள்.

“தூங்கிட்டாங்களா அத்தை?”

“இல்லடி, இப்ப அலாரம் அடிக்கும் பாரு.”

“ஒரு நிமிஷம் அடிக்க வேணாம்னு சொல்லு. மூச்சு வாங்குது அவங்களுக்கு.”